கறுப்புப் பக்கத்திலிருந்து ஒரு படம்

என் போனில் கேலரியைத் திறந்தால் முதலில் வருவது சாமி படமோ பிள்ளை படமோ இல்லை, செஸ் பலகைகள்தான். பச்சை அம்பு, சிவப்பு அம்பு, சில காய்களைச் சுற்றி மஞ்சள் வட்டம். நடுநடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், மல்லி மூட்டை. "போன்ல எடமே இல்ல, அந்தக் கட்டத்தையெல்லாம் அழிச்சுத் தொலை" என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். அவருடைய போனில் குவிந்து கிடக்கும் காலை வணக்கப் படங்களை முதலில் அழிக்கட்டும், அப்புறம் என்னிடம் வரட்டும்.

திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. பிரியாணிக் கடைகளுக்கு மசாலா அரைப்போம். சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அரிசி, மஞ்சள், கேப்பை அரைத்துக் கொடுப்போம். மிஷினைப் பார்ப்பது கணவர். எடை போடுவது, சலிப்பது, வாடிக்கையாளரோடு சண்டை போடுவது மூன்றும் என் பொறுப்பு. மிளகாய் அரைக்கிற நாளில் எங்கள் வாசலைத் தாண்டுகிறவர்கள் தும்மிவிட்டுத்தான் போவார்கள். இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி செஸ் படம் வரைகிறாள் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் மகளால் வந்தது. அவளைச் செஸ் வகுப்பில் சேர்த்தோம். போட்டியில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்கே தப்பு நடந்தது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்வார் அவளுடைய கோச். குறிக்க வேண்டியது அவள்தான். ஆனால் அவளுக்குப் பரீட்சை இருக்கும், டியூஷன் இருக்கும், எதுவும் இல்லாவிட்டால் தூக்கம் இருக்கும். அதனால் அவள் சாப்பிட்டுக்கொண்டே நகர்வுகளைச் சொல்ல, நான் போன் ஆப்பில் காய்களை நகர்த்துவேன். தப்பு நடந்த இடம் வந்ததும் நிறுத்தி, அவள் செய்ததற்குச் சிவப்பு அம்பும் செய்திருக்க வேண்டியதற்குப் பச்சை அம்பும் போட்டு, படமாகச் சேமித்துவிடுவேன். ஆட்டத்தை லிங்க்காக வைத்தால் திறக்க நெட் வேண்டும். எங்கள் மில்லுக்குள் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். படம் என்றால் எந்த மூலையிலும் திறக்கும். இப்படி அம்பு போட்டுப் போட்டே எனக்கும் ஆட்டம் பிடிபட்டுவிட்டது.

சேமித்த பிறகு கடைசியாக ஒரு கைவேலை பாக்கி இருக்கும். பலகையின் ஓரத்தில், எந்தக் கட்டம் எது என்று காட்ட ஆங்கில எழுத்தும் எண்ணும் ஓடும். புதுப்புடவையில் ஒட்டிக்கொண்டிருக்கும் விலைச்சீட்டு மாதிரி அது எனக்கு உறுத்தும். நான்கு பக்கமும் சுத்தமாக வெட்டிவிடுவேன். "எழுத்த வெட்டாதம்மா, பாக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்பாள் மகள். பார்ப்பது அவளும் நானும் கோச்சும் மட்டும்தானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஹாலுக்குள் போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். பெற்றோர் எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியிலும் பைக் ஸ்டாண்டிலும் பழி கிடக்க வேண்டும். பேச்சும் தீர்ந்து போன் சார்ஜும் தீர்ந்த ஒரு நாளில், யாரோ ஒரு அப்பா சுருட்டி வைக்கும் செஸ் விரிப்பை எடுத்து விரித்தார். அதிலிருந்து பெற்றோருக்குள்ளும் ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்களுக்கு இரண்டே விதிகள். ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காய் எடுத்துக்கொள்வார். ஹால் கதவு திறந்து பிள்ளைகள் வெளியே வந்துவிட்டால், எந்த நிலையில் இருந்தாலும் ஆட்டம் கலைந்துவிடும். அதில் யாருக்கும் வெற்றி இல்லை, தோல்வி இல்லை. முகம் வாடி வருகிற பிள்ளையைப் பார்ப்பதா, பலகையைப் பார்ப்பதா?

எங்களில் பெரிய ஆட்டக்காரர் ஒரு பாய். பேகம்பூரில் தோல் வியாபாரம். அவருடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். முறுக்கைக் கடித்துக்கொண்டே, பக்கத்தில் இருக்கிறவரிடம் தோல் விலை பேசிக்கொண்டே, நம் ராணியைத் தூக்கிவிடுவார். தூக்கிவிட்டு "அடடா, பாத்து ஆடக் கூடாதாம்மா" என்று நமக்காக வருத்தமும் படுவார். அந்த வருத்தம்தான் எனக்குத் தாங்காது. அவரோடு எப்போது உட்கார்ந்தாலும் நான்தான் தோற்பேன், அதனால் எப்போதும் எனக்குக் கறுப்புதான். ஆப்பிலும் கறுப்புப் பக்கம் கீழே வருகிற மாதிரியே மாற்றி வைத்துவிட்டேன். என் கண்ணுக்கு அதுதான் பலகையின் நேர்ப்பக்கம்.

போன வருடம் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கல்லூரியில் போட்டி நடந்தது. கடைசிச் சுற்றின்போது பாயும் நானும் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அன்றைக்கு என்னமோ எனக்கு எல்லாம் சரியாக வந்தது. பாய் முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார். தோல் விலை பேசவும் ஆள் இல்லை. காய்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அவருக்கு ராஜாவும் ஒரு யானையும் நகர வழியில்லாத ஒரு சிப்பாயும் மிச்சம். எனக்கு ராஜாவும் சில சிப்பாய்களும். அதில் ஒரு சிப்பாய் கடைசி வரிசைக்கு ஒரு அடி முன்னால் நின்றது. அதைத் தள்ளி ராணியாக்கினேன்.

பாய் பலகையைப் பார்த்தார். அதே நேரம் ஹால் கதவு திறந்தது. பிள்ளைகள் வெளியே வருகிற இரைச்சல் கேட்டது. எங்கள் விதிப்படி அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்திருக்கலாம், ஆட்டம் கலைந்திருக்கும். அவர் தன் ராஜாவைப் பலகையில் படுக்க வைத்தார். தோற்றேன் என்று அதற்கு அர்த்தம். ஒரு சிரிப்பு சிரித்து, "நல்லா ஆடினீங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மகனைத் தேடிப் போய்விட்டார். ஓடி வந்த பிள்ளைகள் விரிப்பைச் சுருட்டிக் காய்களைப் பையில் அள்ளிப் போட்டார்கள். டீ குடிக்கப் போனவர்கள் வந்தபோது அங்கே வெறும் தரைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது, அம்புட்டு சந்தோஷம். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பிள்ளைக வெளிய வந்துருச்சுகளா?"

"வந்துருச்சுக."

"அப்ப ஆட்டம் கலைஞ்சிருச்சுல்ல. அதுக்கப்பறம் எதுக்கு ராஜாவப் படுக்க வைக்கிறாரு? பெரிய மனுசன்மா அவரு. பாவம், எப்பப் பாத்தாலும் தோக்குதேன்னு விட்டுக் கொடுத்திருப்பாரு."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாயைப் புகழ்ந்துதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது. குழம்பும் அப்பளமும்தான். காரணம் கேட்டார். காய்கறி விலை ஏறிவிட்டது என்றேன்.

யோசிக்க யோசிக்க அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலவே பட்டது. இத்தனை நாள் முறுக்கு தின்றுகொண்டே என்னைத் தோற்கடித்த மனிதர் அன்றைக்கு மட்டும் எப்படித் தோற்றார்? அவரிடமே கேட்கலாமென்றால் அதிலும் பயனில்லை. உண்மையாகத் தோற்றிருந்தால் இல்லை என்பார். விட்டுக் கொடுத்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வார், அவர் குணம் அப்படி. நான் முதல்முதலாக ஜெயித்த ஆட்டம் என்னுடையதா, அவர் கொடுத்த தானமா என்று தெரியாமல் மல்லியும் மிளகாயும் நிறுத்துக்கொண்டிருந்தேன். மல்லிக்காரரிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். அந்த நிலை எனக்கு மனப்பாடம். மில்லில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போனில் காய்களை அடுக்கினேன். சிப்பாய் ராணியாகும் கட்டத்துக்குப் பச்சை அம்பு. அவருடைய ராஜா ஓடப் பார்க்கக்கூடிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அம்பு, ஏனென்றால் எல்லாவற்றையும் என் காய்கள் காவல் காக்கின்றன. இதில் விட்டுக் கொடுக்க ஒன்றுமே இல்லை, பார்த்தாலே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. வழக்கம்போல ஓரத்தை வெட்டினேன். பெற்றோர்கள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் போட்டு, "ஞாயிற்றுக்கிழமை பாயோடு ஆடிய ஆட்டம். கறுப்பு ஜெயித்தது. நான் கறுப்பு" என்று எழுதினேன். அந்தக் குரூப்பில் நான் போட்ட முதல் படம் அது.

செத்த நேரத்தில் ஒரு அப்பா எழுதினார். "அக்கா, உங்க சிப்பாய் ரிவர்ஸ் கியர்ல போகுது." இன்னொருத்தர், "மிளகாய் நெடி ஏறிருச்சு போல." அப்புறம் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் எட்டிப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, கறுப்பக் கீழ வச்சுச் சேவ் பண்ணிருக்க. எழுத்தயும் வெட்டிட்ட. எல்லாரும் வெள்ள கீழ இருக்குன்னுதான பாப்பாங்க. அப்படிப் பாத்தா உன் சிப்பாய் இன்னும் கெளம்பவே இல்ல. கெளம்பாத சிப்பாயப் பின்னால போகச் சொல்லி அம்பு போட்டிருக்க."

பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே சரி. பலகை முழுக்க நடந்து போய் ராணியான என் சிப்பாய், அந்தப் படத்தில் வீட்டு வாசலைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தது. எப்போதும் தோற்று எப்போதும் கறுப்பு எடுத்த ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு படம் போட வராது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஜெயித்ததை நிரூபிக்கப் போய், சிப்பாய் எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாதவள் என்று ஊருக்கே காட்டிவிட்டேன். இவளிடமா பாய் தோற்றிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். மாற்றிப் போடச் சொன்னாள் மகள். போனைத் தவிட்டு மூட்டை மேல் எறிந்துவிட்டேன்.

பாயிடமிருந்து சத்தமே இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருந்தது. மறுநாளும் இல்லை. அன்றைக்கு யாரோ பொங்கல் வடை படம் போட்டார்கள், குரூப் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

அய்யலூர் சந்தை நாளில் பாய் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அங்கே ஆட்டு வியாபாரிகளையும் கறிக்கடைக்காரர்களையும் பிடித்தால்தான் அவருக்குத் தோல் வரும். அந்தச் சந்தை நாள் காலையில், நான் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அடித்தது. குரூப்பில் பாய் படம் மேல் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் எங்கள் ஆட்டம், என் சிப்பாய் ராணியான அதே நிலை. வெள்ளை கீழே, ஓரத்து எழுத்தெல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரு படத்தில் அவருடைய யானை என் ராணியைப் பார்த்து வந்தது. ஒன்றில் தன் ராஜாவைக் காக்க ஓடியது. ஒன்றில் என் சிப்பாயை வெட்டப் போனது. ஒவ்வொன்றிலும் அதற்கு மேல் நான் என்ன செய்வேன் என்று சிவப்பு அம்பு. ஒவ்வொன்றின் கீழும் அவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை. "போச்சு."

கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி போட்ட படம் சரிதாம்ப்பா, அவங்க பக்கம் இருந்து போட்டிருக்காங்க. போனத் தலகீழாத் திருப்பிப் பாருங்க, தெரியும். ஞாயித்துக்கெழமையில இருந்து நானும் இதப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு எங்கயோ ஒரு வழி இருந்திருக்கணும்னு மனசு சொல்லுது, ஆனா சிக்க மாட்டேங்குது. தங்கச்சி, உங்களுக்கு எதுவும் தெரிஞ்சாச் சொல்லுங்கம்மா."

நான் மிஷின் மேலேயே சாய்ந்து நின்றுவிட்டேன். விட்டுக் கொடுத்த மனிதர் இத்தனை படம் வரையமாட்டார். கடை, சந்தை, பேரம் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து, தப்பிக்க வழி உண்டா என்று தேடியிருக்கிறார். தோற்றிருக்கிறார், நிஜமாகவே என்னிடம் தோற்றிருக்கிறார். அந்தக் காலையில் எனக்கு வந்த சந்தோஷத்தை அடக்கிச் சொல்லத் தெரியவில்லை. கணவரைக் கூப்பிட்டு அந்த வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை போட்டுக் காட்டினேன். முதல் தடவையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மற்ற இரண்டும் என் ஆசைக்கு.

பாய் கேட்டார் என்பதற்காக நானும் தேடினேன். மசாலா ஆர்டர் நிறையக் கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவருடைய படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. யானையை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். என் ராஜாவுக்கு நேர் முன்னால் இருக்கும் கட்டத்துக்கு மட்டும் அம்பே இல்லை. யார் போவார்கள் அங்கே? போய் நின்று செக் சொன்னால் என் ராஜாவே அதை வெட்டிவிடும். கடைசி யானையை யாராவது சும்மா கொண்டுபோய்க் கொடுப்பார்களா?

கொடுத்துப் பார்த்தேன். என் ராஜா யானையை வெட்டியது. இப்போது அவர் ஆட வேண்டும். ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இல்லை, சுற்றிலும் என் காவல். சிப்பாயும் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் ராஜாவின் மேல் நேரடித் தாக்குதல் கிடையாது. செக் இல்லாமல், நகர்த்தவும் ஒரு காய் இல்லாமல் ஒருவர் மாட்டிக்கொண்டால் ஆட்டம் டிரா. செஸ்ஸில் அது சட்டம். வெட்டாமல் நான் ஓடினாலும் யானை பின்னாலேயே வந்து செக் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் போட்ட காவல் ரொம்ப நன்றாக இருந்ததே எனக்கு வினையாகியிருக்கும். அவர் மட்டும் அதைப் பார்த்திருந்தால் எனக்கு வெற்றியே கிடையாது.

யானைக்கு ஒரு பச்சை அம்பு போட்டு, படமாகச் சேமித்தேன். தோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் என் கையைப் பிடித்தார்.

"அதப் போடாத. இப்பத்தான் எல்லாரும் நீ ஜெயிச்சன்னு நம்புறாங்க. அப்படியே இருக்கட்டும்."

அவர் பேச்சைக் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது. பொய் சொல்வதில்லையே, சும்மா இருப்பதுதானே. ஆனால் பாய் கௌரவம் பார்க்காமல் அத்தனை பேருக்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்கிறார். ஒரு ஆட்டக்காரர் இன்னொரு ஆட்டக்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார். இதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. குரூப்பில் போட்டுவிட்டேன்.

எல்லாரும் காய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பாய் போனிலேயே கூப்பிட்டார். எடுத்ததும் சந்தை இரைச்சலுக்கு நடுவே அவர் சிரிப்பதுதான் கேட்டது.

"யானையக் கொடுத்திருந்தாப் பொழச்சிருப்பேனா?"

"ஆமா பாய். டிரா ஆயிருக்கும்."

"நான் ராஜாவப் படுக்க வைக்கையில ஒங்களுக்கு இது தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது பாய். இன்னிக்கு நீங்க கேட்டதாலதான் பாத்தேன்."

"செரி, அன்னிக்கு இத நான் ஆடியிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

"வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன் பாய்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒரு ஆடு மட்டும் கத்தியது.

"அன்னிக்கு நான் அதத்தாம்மா பண்ணேன்" என்றார். "மூஞ்சியக் கழுவப் போறேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். வீட்டுல யாருக்கும் தெரியாது."

கல்மிஷமில்லாத மனிதர், நல்ல சிநேகிதர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அவர் அழுதார் என்று கேட்டு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து எடுக்காமல், மாவு படிந்த அந்த மில்லுக்குள் நின்று, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.